படலையோடு திரும்பிய ஆய்வுகள்

மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையால் இன்று ஒலிபெருக்கி பிடித்து இந்த அவையை நடத்திக்கொண்டிருக்கும் தலைவர், கமக்காரர் அமைப்பின் மூத்தவர் இளையதம்பி ஐயா அவர்களே! முதற்பிரதியைப் பெற்றுச் சிறப்பிக்கவென்று முன்வரிசையின் நடுக்கதிரையில் வீற்றிருக்கும், எங்கள் பகுதியின் உளநலச் சேவைகளுக்குப் பொறுப்பான பணிப்பாளர் அவர்களே! மேசைமேல் அடுக்கியிருக்கும் புத்தகங்களை விட்டுக் கண்ணெடுக்க முடியாமல் அமர்ந்திருக்கும் நூலாசிரியர், என் மாணவன் சுகிர்தன் அவர்களே! அறுவடை இயந்திரம் வரம்பில் வந்து நிற்க, நிற்கட்டும் என்று விட்டுவிட்டு வந்த உழவர் பெருமக்களே! செட்டிகுளத்திலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் பஸ் மாறிப் பஸ் ஏறி வந்திருக்கும் பட்டதாரிப் பிள்ளைகளே! கதிரைகள் வெறுமையாய்க் கிடந்தும், அவை பெரிய ஆட்களுக்கு என்று பின்சுவரோடு சாய்ந்து நிலத்தில் அமர்ந்திருக்கும் என் தாய்மாரே! உங்களைத்தான் முதலில் விளித்திருக்க வேண்டும். மேடை மரபு உங்களைக் கடைசியில் வைத்திருக்கிறது. மரபின்மேல் எனக்கிருக்கும் கோபங்களில் இது முதலாவது. எல்லோருக்கும் இந்த விமலேஸ்வரியின் வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட பணி மதிப்பீட்டுரை. எங்கள் ஊர்களில் மதிப்பீட்டுரை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். அட்டை அழகு என்பார்கள். அச்சு அழகு என்பார்கள். ஆசிரியர் அடக்கமானவர் என்பார்கள். பிறகு பொன்னாடை போர்த்துவார்கள், வடையும் தேத்தண்ணியும் வரும், புத்தகம் அலுமாரிக்குப் போகும். பணிப்பாளர் ஐயா சிரிக்கிறார். அவருக்கும் இது பழக்கம்தான். ஆனால் நான் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிப்பிக்கிறவள். ஓர் ஆய்வை எப்படி மதிப்பிடுவது என்பதைச் சொல்லிக்கொடுத்துத்தான் எனக்குச் சோறு. மதிப்பிடச் சொல்லி மேடையில் ஏற்றிவிட்டு, மெச்சிவிட்டு இறங்கு என்றால் எனக்கு அது வராது. மெச்ச வேண்டியதை மெச்சுவேன், மிச்சத்தையும் சொல்வேன்.

நூலின் பெயர் கொஞ்சம் நீளம். போருக்குப் பிந்திய வன்னி மக்களின் உளநலம், ஓர் இலக்கிய மீளாய்வு. அந்தப் பக்கத்தில் ஓர் ஐயா பக்கத்திலிருப்பவரிடம் கேட்கிறார்: "இலக்கியமெண்டால், கவியரங்கமோ?" இல்லை ஐயா. நீங்கள் கவிதை கேட்க வந்திருந்தால் மன்னிக்க வேண்டும். உளவியலில் இலக்கியம் என்பது இதுவரை அந்த விடயத்தில் வெளிவந்த ஆய்வுகள். ஒருவர் வன்னிக்கு வந்து நித்திரையின்மை பற்றி எழுதியிருப்பார். இன்னொருவர் வந்து துக்கம் பற்றி எழுதியிருப்பார். மற்றவர் வந்து தையல் பழகிய பெண்களின் மனநிலை பற்றி எழுதியிருப்பார். இவற்றையெல்லாம் தேடி எடுத்து, தரமானதைத் தெரிந்து, தரமற்றதைத் தள்ளி, எஞ்சியவை எல்லாம் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று எழுதுவதுதான் இலக்கிய மீளாய்வு. புதிதாக யாரையும் போய்க் கேட்க வேண்டியதில்லை. ஏற்கெனவே கேட்டவர்களைக் கேட்டால் போதும்.

இது பெரிய வேலையா? பெரிய வேலைதான். இது பொறுப்பான வேலையா? மிகப் பொறுப்பான வேலை. ஏனென்றால், தனி ஆய்வு ஒன்றை எந்த அரச கந்தோரிலும் அதிகாரிகள் வாசிக்க மாட்டார்கள். மீளாய்வைத்தான் வாசிப்பார்கள். அதிலும் முழுவதையும் வாசிக்க மாட்டார்கள். கடைசிப் பக்கத்தைத்தான் வாசிப்பார்கள். அந்தக் கடைசிப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படிதான் வாகனம் ஓடும், அதன்படிதான் ஆள் வரும், அதன்படிதான் மருந்து வரும். வராமலும் போகும்.

சுகிர்தனின் உழைப்பை நான் அறிவேன். கண் சிவக்கத் தேடினார். எந்தச் சொற்களைக் கொடுத்துத் தேடினேன், எந்த ஆண்டிலிருந்து எடுத்தேன், எதை ஏன் தள்ளினேன் என்று ஒளிவு மறைவின்றி எழுதியிருக்கிறார். தனக்குப் பிடித்த முடிவைச் சொல்லும் ஆய்வை மட்டும் பொறுக்கி எடுக்கும் புத்தி அவரிடம் இல்லை. இன்னொருவரைக் கொண்டும் தெரிவுசெய்வித்து, இருவர் தெரிவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்திருக்கிறார். ஒவ்வோர் ஆய்வுக்கும் தரப்புள்ளி போட்டிருக்கிறார். பிள்ளைகளே, நீங்கள் ஆய்வு செய்யப் போகிறீர்கள் என்றால் இந்த நூலின் இரண்டாம் அத்தியாயத்தைப் படியுங்கள். விதியில் ஒரு பிழை பிடிக்க முடியாது. நான் பிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

கைதட்டுங்கள். பரவாயில்லை, தட்டுங்கள். இனித் தட்ட மாட்டீர்கள்.

முதற்கேள்வி. எங்கே தேடினீர் தம்பி? ஆங்கிலத்தில் வெளிவந்த ஆய்விதழ்களில் தேடினீர். தமிழில் எழுதப்பட்டு, எங்கள் பல்கலைக்கழக நூலகங்களில் தூசி குடித்துக்கொண்டிருக்கும் ஆய்வேடுகளைத் தேடினீரா? கணினியில் அகப்படாததால் அவை இல்லையென்றாகிவிடுமா? முள்ளிவாய்க்காலில் பட்ட துயரம் ஆங்கிலத்தில் அழுதால்தான் கணக்கில் வருமா? தமிழில் அழுதால் அது வெறும் சத்தமா? "தமிழ் ஆய்வேடுகள் சேர்க்கப்படவில்லை" என்று ஒரு வரி எழுதி ஒதுங்கிவிட்டீர். ஒழுங்காகத்தான் ஒதுங்கினீர். ஆனால் ஒதுங்கினீர்.

இரண்டாம் கேள்வி. வெளிவந்ததைத்தானே தேடினீர்? வெளிவராதது எங்கே? பயிற்சி கொடுத்தோம், பயனில்லை என்று முடிந்த ஆய்வை எந்த நிறுவனம் அச்சிடும்? காசு கொடுத்தவனை முகம் சுளிக்கவைக்கும் முடிவை எவன் அனுப்பிவைப்பான்? பயன் கிடைத்தது என்ற ஆய்வு மேடைக்கு வரும். பயனில்லை என்ற ஆய்வு மேசைக்குள் தூங்கும். மேடைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, ஊரே சிரித்துக்கொண்டிருக்கிறது என்று எழுதலாமா?

பின்னால் ஒரு பிள்ளை தலையை ஆட்டுகிறா. ஆட்டுங்கள் மகள், ஆனால் சோதனைத்தாளில் எழுத மறந்துவிடாதீர்கள். இந்த இரண்டு கேள்வியும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். மூன்றாவது கேள்வி, யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்கவில்லை என்பது, பாடப்புத்தகத்தில் எங்கோ ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கிறது. அதுதான் என்னை இந்த மேடையில் இப்படி நிற்கவைத்தது.

இந்த நூலுக்கு மதிப்பீட்டுரை என்று அழைத்ததும், நூலை மட்டும் வாசித்துவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. நூல் சேர்த்துக்கொண்ட ஆய்வுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தேன். முதல் ஆய்வில் ஒரு தாய் பேசுகிறாள். பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது. "கிணற்றுக்குள் வாளி விழும் சத்தம் கேட்டாலும் நெஞ்சு பதறும். சங்கத்தில் தையல் பழகிய பிறகு இப்போது பரவாயில்லை." வாசித்தேன், மனம் கனத்தது. மூன்றாவது ஆய்வில் இன்னொரு தாய். அவளுக்கும் வாளி. அவளுக்கும் கிணறு. அவளுக்கும் இப்போது பரவாயில்லை. வேறு நாட்டிலிருந்து வந்த வேறு ஆய்வாளர் எழுதிய ஏழாவது ஆய்வில் மீண்டும் வாளி. அதற்குப் பிறகு எந்த ஆய்வைத் திறந்தாலும் நான் வாளியைத் தேடத் தொடங்கினேன். தேடிய இடமெல்லாம் கிடைத்தது. முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

உழவர் பெருமக்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நெல்லு வாங்க வியாபாரி வருகிறான். குத்தூசியால் மூட்டையைக் குத்தி, உள்ளங்கையில் நெல்லைக் கொட்டிப் பார்க்கிறான். அவனுக்குப் பிறகு வந்த வியாபாரியும் அதே மூட்டையைக் குத்துகிறான். அதற்குப் பிறகு வந்தவனும் அதே மூட்டை. கடைசியில் ஒருவன் வந்து, இத்தனை வியாபாரிகள் ஒத்த முடிவு சொல்லியிருக்கிறார்கள், ஆகவே இந்தக் களஞ்சியம் முழுவதும் முதற்தர நெல் என்று எழுதினால் என்ன சொல்வீர்கள்? இளையதம்பி ஐயா தலைவர் கதிரையில் இருந்தபடியே சொல்கிறார், "அடிச்சுக் கலைப்பம்" என்று. ஐயா, இது புத்தக வெளியீடு. அடிக்க முடியாது. கதைக்கத்தான் முடியும்.

வாளிக்குச் சொந்தக்காரியைத் தேடிப் போனேன். முரசுமோட்டையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு வீதி. வீதிக்குக் கிட்ட இருக்கும் ஊர், வாகனம் போகக்கூடிய ஊர், அதனால் ஆய்வாளர் எல்லோரும் போன ஊர். மாதர் சங்கத்தில் விசாரித்தேன். யாரும் யோசிக்கவேயில்லை. நேரே கூட்டிக்கொண்டுபோய் ஒரு வீட்டில் விட்டார்கள். அவர் பெயர் வடிவம்மா. இங்கேதான் இருக்கிறார், பின்சுவரோடு. பெயரைச் சொல்லலாமா அம்மா என்று கேட்டேன். "சொல்லுங்கோ மிஸ்," என்றார். "எத்தினை புத்தகத்தில பேரில்லாமல் இருந்திட்டன்."

நான் போய் இருந்ததும் அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆயத்தமானார். நான் கேட்க முதலே தொடங்கினார். "கிணத்துக்குள்ள வாளி விழுற சத்தம் கேட்டாலும் நெஞ்சு பதறும் மிஸ்..."

"அம்மா, அது எனக்குத் தெரியும்," என்றேன். "நான் அதைக் கேக்க வரேல்லை. வாறவை எல்லாருக்கும் நீங்கள்தானா கதைக்கிறனீங்கள்?"

"ஓம் மிஸ். ஆராச்சிக்காரர் வந்தால் சங்கத்தில என்னைத்தான் கூப்பிடுவினம். நானும் இன்னும் ரெண்டு மூண்டு பேரும்தான். எங்களுக்குத்தான் கதைக்க ஏலும்."

"எல்லாருக்கும் 'பரவாயில்லை' எண்டுதானா சொல்லுறனீங்கள்?"

அவர் சிரித்தார். கசப்பில்லாத சிரிப்பு. கசப்பு எனக்குத்தான். "முந்தி ஒருக்கா ஒரு பிள்ளை வந்தது மிஸ். நல்ல பிள்ளை. நான் நடந்ததெல்லாத்தையும் நடந்தபடி சொன்னனான். அது அழத் தொடங்கிட்டுது. விக்கி விக்கி அழுகுது. பிறகு நான்தான் தடவித் தேத்தித் தேத்தண்ணி போட்டுக் குடுத்து பஸ்ஸில ஏத்தி விட்டனான். அதுக்குப் பிறகு ஆர் வந்தாலும் அளவாய்த்தான் சொல்லுறது. கடைசியில பரவாயில்லை எண்டால் அவைக்கும் நிம்மதி, கெதியாய் எழும்பிப் போவினம்."

கேட்டீர்களா பெரியோரே? மீண்டெழுந்த வன்னி என்று ஆய்வு ஆய்வாக எழுதிவைத்திருக்கிறோமே, அந்த மீட்சி ஒரு தாயின் உபசாரம்! வந்த விருந்தாளி அழக்கூடாது என்ற பண்பு! அதை எடுத்துப் புள்ளிபோட்டு, வரைபு கீறி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி, ஆதாரம் என்றோம்.

அடுத்துக் கேட்டேன். "மற்ற ஆக்களை ஏன் விடுறேல்லை? கதைக்க ஏலாத ஆக்களை?"

வடிவம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். படித்தவள் கேட்கிற கேள்வியா இது என்ற பார்வை. "செத்தவீட்டில மிஸ்," என்றார், "வாற சனத்துக்கு ஆர் கதை சொல்லுறது? வாசல் படலையில நிக்கிற ஆள்தானே. எப்ப நடந்தது, எப்பிடி நடந்தது, எப்ப எடுக்கினம் எண்டு நிக்கிற ஆள்தான் சொல்லும். பெத்தவளைக் கொண்டுவந்தோ படலையில நிப்பாட்டிக் கதை சொல்லுவிக்கிறது? அவள் உள்ளுக்குக் கிடப்பாள். அவளை ஒருத்தரும் கேக்கக் கூடாது. எங்கட ஊரிலயும் உள்ளுக்குக் கிடக்கிற ஆக்கள் இருக்கினம். அவையை நாங்கள் காட்டமாட்டம்."

இதுதான் அந்த ஊரின் முறை. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. துக்கம் தாங்கமாட்டாதவளை அந்நியர் கண்ணிலிருந்து காப்பது எங்களுடைய வழக்கம். அதுதான் எங்களை இத்தனை அழிவுக்குள்ளும் மனிதராக வைத்திருந்தது. அந்த அன்பே அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. எங்கள் ஆய்வுகள் எல்லாம் படலையடியில் நின்று எழுதிய ஆய்வுகள். படலையில் நின்றவள் கதைத்தாள், கேட்டு எழுதினார்கள், படலையோடு திரும்பினார்கள். உள்ளே ஒருத்தி கிடக்கிறாள் என்பது எந்த அட்டவணையிலும் இல்லை. அந்த அட்டவணைகளை எல்லாம் ஒன்றாக்கி சுகிர்தன் எழுதிய கடைசிப் பக்கம் சொல்கிறது: ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன, மக்களின் உளநிலை மேம்பட்டிருக்கிறது, கிராமமட்டச் சேவைகளின் தேவை குறைந்து வருகிறது.

குறைந்து வருகிறதாம்.

உள்ளே கிடப்பவர்களில் ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். தயாளினி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அது அவளுடைய பெயரல்ல. உண்மைப் பெயர் தெரிந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள். தயவுசெய்து வாய் திறக்காதீர்கள், தேடிப் போகாதீர்கள். அவளுக்கு என்ன நடந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. கேட்டுச் சிலிர்க்கவும் உச்சுக்கொட்டவும் உங்களுக்கு வேறு கதைகள் உண்டு. அடுப்பு மூட்டுவாள், கோழிக்குத் தீன் போடுவாள், முற்றம் கூட்டுவாள். தெரியாத குரல் ஒன்று வேலிக்கப்பால் கேட்டால் அறைக்குள் போய்க் கதவைத் தாழிடுவாள். அவ்வளவுதான் சொல்வேன்.

அந்த ஊர்ச் சந்திக்கு வியாழக்கிழமைகளில் ஒரு நடமாடும் மருத்துவ வான் வந்துகொண்டிருந்தது. உளநல மருத்துவர் ஒருவர், ஒரு தாதி, றிம்ஸியா என்ற உளவளத்துணையாளர். றிம்ஸியா முல்லைத்தீவுப் பிள்ளை. அவளுடைய குடும்பமும் மற்ற முஸ்லிம்களோடு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, வேறு மாவட்டத்தில் கிடந்து, பிந்தித் திரும்பி வந்த குடும்பம்தான். அவள் தயாளினியின் வீட்டுக்குப் போனாள். கேள்வி கேட்கவில்லை. வேலிக்கு வெளியே நின்று, "அக்கா, நான் றிம்ஸியா, வந்திட்டுப் போறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வியாழனும் அதைத்தான் சொன்னாள். மாதக்கணக்காக அதைத்தான் சொன்னாள். ஒருநாள் முற்றத்தில் அவள் வந்து இருக்கவென்று ஒரு வாங்கு போட்டிருந்தது. பிறகு ஒருநாள் கதவு திறந்திருந்தது. பிறகு ஒரு வியாழன், யாரும் அழைக்காமல், தலை வாரி இழுத்து, தேய்த்து மினுக்கிய சீலை கட்டி வெளிக்கிட்டு, தயாளினி சந்திக்கு நடந்து வந்து வானுக்குப் பக்கத்தில் நின்றாள். ஊர் பார்த்தது. பார்க்காததுபோலப் பார்த்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் வந்தாள். வானுக்குள் அவள் என்ன கதைத்தாள்? எனக்குத் தெரியாது. நான் றிம்ஸியாவைக் கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருக்கவும் மாட்டாள்.

இது எந்த ஆய்விலாவது இருக்கிறதா? இல்லை. றிம்ஸியா ஆய்வு எழுதவில்லை, ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது வான் வருவதில்லை. எண்ணெய் இல்லை, ஆளணி இல்லை, செலவைக் குறைக்க வேண்டும். நாட்டு நிலைமை எல்லோருக்கும் தெரியும். ஆனால் வானை நிறுத்திய அறிவித்தல் எண்ணெய் இல்லை என்று சொல்லவில்லை. "அண்மைய ஆய்வு முடிவுகளின்படி தேவை குறைந்துள்ளமையால்" என்று சொல்கிறது. காரணம் தேடிக்கொண்டிருந்த கந்தோருக்குச் சுகிர்தனின் கைப்பிரதியின் கடைசிப் பக்கம் கையில் கிடைத்துவிட்டது. புத்தகம் அச்சாக முதலே அதன் முடிவு நடைமுறைக்கு வந்துவிட்டது. எத்தனை ஆய்வாளருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்!

வான் வராத முதல் வியாழன் தயாளினி சந்தியில் நின்றாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு யாருக்கும் மனம் வரவில்லை. வெயில் ஏறி உச்சிக்கு வந்தது. பள்ளிக்கூடம் விட்டது. வடிவம்மா போய், "வா பிள்ளை, வீட்டை போவம்" என்று கையைப் பிடித்தார். அவள் கையை உதறவில்லை, அழவில்லை, கூட நடந்தாள். வீட்டுக்குள் போனதும் தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டதாம். அதன் பிறகு கோழிக்கு வடிவம்மாதான் தீன் போடுகிறார். சோறு வைத்தால் உள்ளே எடுக்கிறாள், சிலநாள் எடுப்பதில்லை.

சுகிர்தன் எழும்புகிறார். இருங்கோ தம்பி... இல்லை, நில்லும். சொல்லும். என்ன? சத்தமாய்ச் சொல்லும், பின்னால் இருக்கிறவைக்குக் கேட்கட்டும். "மிஸ், நான் வேணுமெண்டு செய்யேல்லை" என்கிறார்.

எனக்குத் தெரியும். வேண்டுமென்று செய்திருந்தால் உம்மைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். வேண்டுமென்று யாருமே செய்யவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை! சங்கம் அன்பால் மறைத்தது, வடிவம்மா பண்பால் பரவாயில்லை என்றார், ஆய்வாளர்கள் அவசரத்தால் எழுதினார்கள், நீர் ஒழுங்காய்க் கூட்டிப் பார்த்தீர், கந்தோர் கூட்டுத்தொகையை வாசித்தது. கெட்டவன் ஒருத்தன்கூட இல்லாமலே ஒரு பெண்ணின் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

என்ன? "புத்தகம் அடிச்சாச்சு மிஸ்" என்கிறார். ஓம், அடித்தாயிற்று. அடித்ததை வெட்ட முடியாது. ஆனால் உமக்கு வாய் இருக்கிறது. பிள்ளைகளே, கவனியுங்கள், உங்களுக்கும் இது தேவைப்படும். எந்த மீளாய்வும் தன்னால் எதைப் பார்க்க முடிந்தது என்று எழுதினால் மட்டும் போதாது. எதைப் பார்க்க முடியவில்லை என்று எழுத வேண்டும். எழுதுவதோடும் நிற்கக்கூடாது, பார்க்காததைப் பற்றி முடிவு சொல்லாமல் இருக்க வேண்டும். ஆதாரம் கிடைக்கவில்லை என்பது வேறு, தேவை இல்லை என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் ஆள் சாகும். நான் மிகைப்படுத்தவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

வாரும் தம்பி, ஒலிபெருக்கிக்கு வாரும். உம்முடைய ஏற்புரை பிறகு இருக்கட்டும். எனக்கு ஒரு வசனம் போதும்.

கேட்டீர்களா? சொல்லிவிட்டார். "என்ர மீளாய்வில கதைக்க ஏலாத ஆக்கள் ஒருத்தரும் இல்லை. அதால தேவை குறைஞ்சிட்டுது எண்டு சொல்ல என்னால ஏலாது." பட்டம் இன்னும் கையில் கிடைக்காத ஒரு பொடியன், தன் ஆசிரியைக்கும் பணிப்பாளருக்கும் முன்னால், தன் சொந்தப் புத்தக வெளியீட்டில் இதைச் சொல்லியிருக்கிறார். இந்த நூல் முழுவதிலும் எழுதப்படாத நல்ல வசனம் இதுதான். போய் இரும் தம்பி. தண்ணி குடியும்.

இனிப் பணிப்பாளர் ஐயா. கோபிக்காதீர்கள். கோபித்தாலும் கதிரையை விட்டு எழும்பாதீர்கள், இன்னும் முதற்பிரதி வாங்கவில்லை. நூலை எழுதியவரே தன் முடிவை மீளப் பெற்றுக்கொண்டார். உங்கள் அறிவித்தல் நின்றுகொண்டிருந்த கால் முறிந்துவிட்டது. வான் வருமா? எண்ணெய் இல்லையென்றால் எண்ணெய் இல்லை என்று சொல்லுங்கள், இந்தக் கமக்காரர் சேர்ந்து ஊற்றுவார்கள். ஊற்றுவீர்களா? கேட்கிறதா ஐயா, ஊற்றுவார்களாம். தேவையில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என்ன சொல்கிறீர்கள்? "பாப்பம்."

பாப்பம்! பெரியோரே, தாய்மாரே, கேட்டுக்கொள்ளுங்கள். முகாமில் முள்வேலிக்குள் இருந்தபோது கேட்டோம், பாப்பம் என்றார்கள். காணாமற்போனவர்களைக் கேட்டோம், பாப்பம் என்றார்கள். காணியைக் கேட்டோம், வீட்டைக் கேட்டோம், வீதியைக் கேட்டோம், பாப்பம், பாப்பம், பாப்பம்! எங்களை இந்த நாட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை.

மணி அடிக்கிறார் தலைவர். முடிக்கிறேன் ஐயா, கடைசியாக ஒன்று. தயாளினியைப் பற்றி மேடையில் கதைக்கிறதென்றால் அவளிடம் கேட்காமல் கதைக்கக்கூடாது. அவளிடம் கேட்கவும் எனக்கு முகம் இல்லை. நான் தெரியாத குரல். நேற்றுப் பின்னேரம் றிம்ஸியா தன் சொந்தக் காசில் பஸ் ஏறிப் போய், சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டாள். "அக்கா, நாளைக்கு ஒரு கூட்டம். உங்கட பேர் சொல்லமாட்டினம். வானைப் பற்றிக் கதைக்கப்போகினம். உங்களைப் பற்றிச் சொல்லலாமோ? என்ன சொல்லலாம்?" எழும்பலாம் என்று றிம்ஸியா நினைத்தபோது உள்ளிருந்து குரல் வந்திருக்கிறது. "நான் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறதையும், வானுக்குப் போனதையும், நிண்டதையும் சொல்லட்டும். முந்தி நடந்ததொண்டும் வேண்டாம்." அதனால்தான் அவ்வளவோடு நிறுத்தினேன். பிறகு இன்னொன்றும் சொன்னாளாம். அதையும் சொல்லச் சொன்னாளாம்.

போர் முடிந்து இத்தனை ஆண்டு. இத்தனை ஆய்வு, இத்தனை ஆய்வாளர், இத்தனை கேள்விக்கொத்து. ஆய்வாளர் ஒருவருக்கும் வாய் திறக்காத ஒருத்தி முதன்முறையாக இந்த உலகத்துக்குச் சொல்லி அனுப்பியது இது. பணிப்பாளர் ஐயா, இது உங்களுக்கு. சுகிர்தன், இது உமக்கு. எழுதிக்கொள்ளும்.

"வியாழக்கிழமை நான் வெளிக்கிட்டு இருப்பன்."

தலைமைக்கும், கேட்டிருந்த உங்களுக்கும், பின்சுவரோடு சாய்ந்திருக்கும் தாய்மாருக்கும் என் நன்றி. இன்று செவ்வாய்க்கிழமை. வணக்கம்.